எதிர் மேஜைக்காரர்

கல்யாண வீட்டில் பந்திக்கு ஆள் விடுகிற ஆசாமியைப் பார்த்திருப்பீர்கள். உள்ளே இருநூறு பேர்தான் உட்காரலாம். வாசலில் ஐந்நூறு பேர் நிற்பார்கள். கதவைப் பாதி திறந்து, குறுக்கே கையை நீட்டிக்கொண்டு, "இந்தப் பந்திக்கு இவ்வளவுதான் சார், அடுத்த பந்தியில பாத்துக்கலாம்" என்பார். அந்த நிமிஷம் ஊரிலேயே பெரிய கல்நெஞ்சக்காரர் அவர்தான். எனக்கு அந்த ஆசாமிகளைக் கண்டாலே ஆகாது. பல கல்யாணங்களில் சண்டையே போட்டிருக்கிறேன். மெல்பர்னில் எனக்கு எதிர் மேஜையில் உட்கார்ந்திருந்த ஒருவர் என் அபிப்பிராயத்தை மாற்றினார். முழுசாக இல்லை, கொஞ்சம்.

1995-ல் கம்பெனி என்னை இரண்டு வருஷத்துக்கு ஆஸ்திரேலியாவுக்கு அனுப்பியது. வயசு இருபத்தெட்டு. அக்கவுன்ட்ஸ் செக்ஷன். பெட்டியில் பாதி துணி, பாதி அம்மா கொடுத்த வத்தல், வடாம், நார்த்தங்காய் ஊறுகாய். எதிர் மேஜையில் ஒல்லியாக, கண்ணாடி போட்ட ஒரு வியட்நாம்காரர். என்னைவிட எட்டு வயசு பெரியவர். காலை எட்டரைக்கு வந்து உட்கார்ந்தால் ஒன்பது மணிக்குள் மூன்று லெட்ஜரை டாலி பண்ணிவிட்டு, எனக்கு எங்கே உதைக்கிறது என்று எட்டிப் பார்ப்பார்.

எங்கள் நட்பு மத்தியான சாப்பாட்டில் ஆரம்பித்தது. நான் வத்தக்குழம்பு டப்பாவைத் திறப்பேன். அவர் மீன் சாறு பாட்டிலைத் திறப்பார். இரண்டு வாசனையும் கலந்த மறு நிமிஷம் அந்த ரூமில் வெள்ளைக்காரர் ஒருத்தர் மிஞ்ச மாட்டார். தனித்து விடப்பட்ட இரண்டு பேர் பேசாமல் வேறென்ன செய்வது?

ஒரு நாள் வாய் தவறி "அண்ணே" என்று கூப்பிட்டுவிட்டேன். என்ன அர்த்தம் என்றார். சொன்னேன். "அட! எங்க ஊரிலயும் வயசுல பெரியவரைப் பேர் சொல்லிக் கூப்பிட மாட்டோம். அண்ணன்னுதான் சொல்வோம். சின்னவன்னா தம்பி" என்றார். அன்றிலிருந்து அவர் அண்ணன், நான் தம்பி. பேசியதெல்லாம் இங்கிலீஷில்தான். ஆனால் இப்போது நினைத்துப் பார்த்தால் எல்லாம் தமிழிலேயே ஞாபகம் வருகிறது.

அவர் மேஜைக் காலண்டரில் ஒரே ஒரு தேதிக்கு மட்டும் சிவப்பு மையில் வட்டம். மார்ச் 14. புதுக் காலண்டர் வந்ததும் முதல் வேலையாக மார்ச் பக்கத்தைப் புரட்டி வட்டம் போட்டார். சம்பள நாள் இல்லை, ஆடிட் இல்லை. பின்னே பிறந்தநாளாகத்தானே இருக்க வேண்டும்? துப்பறியும் சாம்பு மாதிரி முடிவு கட்டினேன்.

1996 மார்ச் 14. காலையில் ஒரு கேக்கோடு போய், செக்ஷனையே கூட்டி, கை தட்டி, "ஹாப்பி பர்த்டே" பாடி அமர்க்களம் பண்ணிவிட்டேன். அண்ணன் ஒரு கணம் திகைத்தார். பிறகு சிரித்தார். கேக்கை வெட்டினார். எல்லோருக்கும் கொடுத்தார், தானும் ஒரு துண்டு சாப்பிட்டார். "தேங்க்ஸ் தம்பி" என்றார். எனக்கு ஒரே பெருமை.

அந்தக் கேக் இன்னும் என் தொண்டையில் நிற்கிறது. ஏன் என்று சொல்கிறேன்.

* * *

அதே வருஷம் ஜூன் மாசம் ஒரு மத்தியானம் அவருக்கு ஒரு போன் வந்தது. வியட்நாம் பாஷையில் பத்து வார்த்தை பேசியிருப்பார். வைத்துவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டார். டப்பாவைத் திறக்கவில்லை. "என்னண்ணே?" என்றேன். "என் தம்பியைத் திருப்பி அனுப்பிட்டாங்க" என்றார். சாயங்காலம் ஆபீஸ் முடிந்ததும் ஃபுட்ஸ்க்ரேயில் ஒரு சூப் கடைக்குக் கூட்டிக்கொண்டு போனார். அங்கே சொன்னார். நான் பின்னாளில் படித்துத் தெரிந்துகொண்டதையும் அங்கங்கே சேர்த்துச் சொல்கிறேன்.

1975 ஏப்ரல் 30-ம் தேதி சைகோன் விழுந்தது. அண்ணனின் அப்பா தென்வியட்நாம் ராணுவத்தில் கேப்டன். 'மறுகல்வி முகாம்' என்று அழைத்துப் போனார்கள். பேர்தான் கல்வி. சிறை. மாசங்கள் வருஷங்களாயின. 1979 மே மாசம் அம்மா, பத்தொன்பது வயசு அண்ணன், பன்னிரண்டு வயசுத் தங்கை மூவரும் தெற்குக் கோடியில் கா மாவ் பக்கத்திலிருந்து ஒரு மீன்பிடி படகில் ஏறினார்கள். ஐந்து நாள் கடல். தாய்லாந்து வளைகுடாவில் கொள்ளைக்காரர்கள் ஏறி, அம்மா புடவையில் அல்ல, பாவாடை மடிப்பில் தைத்து வைத்திருந்த கடைசிப் பொன் வரை பறித்துக்கொண்டார்கள். "உயிரை விட்டுட்டுப் போனாங்களே, அதுவே பெரிசு" என்றார்.

மலேசியக் கரை தெரிந்ததும் எல்லோருக்கும் சந்தோஷம். ஆனால் படகில் விவரம் தெரிந்த கிழவர் ஒருவர் இருந்தார். கரையிலிருந்து கொஞ்ச தூரத்திலேயே படகின் அடிப்பலகையைக் கோடாலியால் உடைக்கச் சொன்னார். ஏன் தெரியுமா? மிதக்கிற படகு என்றால் கயிறு கட்டி மறுபடி நடுக்கடலுக்கு இழுத்துக்கொண்டு போய் விட்டுவிடுவார்கள். மூழ்குகிற படகு என்றால் வேறு வழியில்லை, இறக்கியாக வேண்டும். ஐந்து நாள் எந்தப் பலகை மூழ்கக் கூடாது என்று வேண்டிக்கொண்டார்களோ, அதைத் தாங்களே உடைத்து, கழுத்தளவு தண்ணீரில் நடந்து கரையேறினார்கள்.

மலேசியாவைத் திட்டத் தோன்றுகிறதா? எனக்கும் தோன்றியது. அண்ணன் திட்டவில்லை. "அவங்க கணக்கையும் பாரு தம்பி" என்றார்.

கணக்கு இதுதான். 1979 முதல் ஆறு மாசத்தில், முகாமிலிருந்து ஒருவர் வேறு நாட்டுக்குப் போனால், புதுசாக மூன்று பேர் வந்து சேர்ந்தார்கள். ஜூன் மாசம் மட்டும் அந்தப் பகுதிக் கரைகளில் 54,000 பேர். தாய்லாந்து, மலேசியா, இந்தோனேஷியா முதலிய நாடுகளில் மூன்றரை லட்சம் பேர் தேங்கிக் கிடந்தார்கள். இந்த நாடுகள் எதுவும் அப்போது 1951 அகதிகள் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டிருக்கவில்லை. "வந்தவர்களை நீங்கள் எடுத்துக்கொண்டு போவீர்கள் என்று நம்பித்தானே இறக்கினோம்? இனி முடியாது" என்று ஜூன் கடைசியில் ஆசியான் நாடுகள் ஐந்தும் ஒரே குரலில் கதவை அடைத்தன. அந்த மாசம் மலேசியாவின் துணைப் பிரதமர் மகாதீர், வருகிறவர்களைச் சுடுவோம் என்று சொன்னதாகப் பத்திரிகைகளில் வந்து உலகமே அதிர்ந்தது. பிறகு, அவர் சொன்னது 'ஷூட்' இல்லை, 'ஷூ', அதாவது விரட்டுவோம் என்று விளக்கம் வந்தது! ஒரு 'ட்' இருக்கிறதா இல்லையா என்பதில் தொங்கியது படகுக்காரர் தலைவிதி.

* * *

அண்ணன் குடும்பத்தை புலாவ் பிடோங் தீவில் கொண்டுபோய் விட்டார்கள். திரெங்கானு கரைக்கு அப்பால், சுமார் ஒரு சதுர கிலோமீட்டர். 4,500 பேருக்கு என்று திறந்த முகாம். அந்த ஜூனில் அங்கே இருந்தவர்கள் 40,000 பேர். மரக்கட்டையும் பிளாஸ்டிக் ஷீட்டும் வைத்து மாடி மேல் மாடியாகக் குடிசைகள். குடிதண்ணீர் படகில் வரும். ரேஷனில் அரிசி, நூடுல்ஸ், டின் மீன். வந்த படகுக்கு ஒரு நம்பர் போடுவார்கள். அதற்கப்புறம் உங்கள் விலாசம், ஜாதகம் எல்லாம் அந்த நம்பர்தான்.

தீவில் முக்கியமான பொருள் தண்ணீரோ அரிசியோ இல்லை, ஒலிபெருக்கி. அன்றைக்கு யார் யார் புறப்படலாம் என்று அதில்தான் பேர் வாசிப்பார்கள். வாசிக்கும்போது நாற்பதாயிரம் பேரும் மூச்சு விட மாட்டார்கள் என்றார் அண்ணன்.

பள்ளிக்கூட இங்கிலீஷ் இருந்ததால் அவருக்கு மொழிபெயர்ப்பு வேலை கிடைத்தது. அமெரிக்கா, ஆஸ்திரேலியா, கனடா, பிரான்ஸ் என்று தூதுக்குழுக்கள் வரும். ஒவ்வொருவருக்கும் ஒரு கணக்கு. அமெரிக்காவுக்கு, அங்கே உறவினர் இருக்கிறாரா, அமெரிக்கர்களிடம் வேலை பார்த்தவரா, பழைய அரசில் இருந்தவரா என்று வரிசை. கனடாவில் மாதா கோவில்காரர்களும் அக்கம்பக்கத்தாரும் சேர்ந்து ஒரு குடும்பத்தைப் பொறுப்பேற்கலாம். அவர்கள் ஒரு ஆளை ஏற்றால் அரசு ஒரு ஆளை ஏற்கும். ஆஸ்திரேலியாவுக்கோ இன்னொரு கவலை. 1976 முதல் சில படகுகள் மலேசியாவில் நிற்காமல் நேரே டார்வின் துறைமுகத்துக்கே போய்க்கொண்டிருந்தன. முகாமிலேயே ஆட்களைத் தேர்ந்தெடுத்து விமானத்தில் ஏற்றினால் படகு வராது என்று பிரேசர் அரசு கணக்குப் போட்டது.

"ஆபீசர் நல்ல மனுஷன்" என்றார் அண்ணன். "ஆனா நோட்டுப் புஸ்தகத்து மூலையில ஒரு நம்பர் எழுதி வட்டம் போட்டிருப்பார். அந்த நம்பர் வந்ததும் பேனாவை மூடிடுவார். வெளியே க்யூ நிக்கும். சில நாள் மூடினப்புறம் தலையைக் குனிஞ்சு உக்காந்திருப்பார். நான்தான் வெளியே போய் 'இன்னிக்கு அவ்வளவுதான்'னு சொல்லணும்."

எனக்குச் சட்டென்று பந்தி வாசல் ஞாபகம் வந்தது. என் அண்ணன்தான் அந்தக் கையை நீட்டிய ஆசாமி!

* * *

1979 ஜூலை 20, 21. ஜெனிவாவில் ஐ.நா. செயலாளர் வால்ட்ஹைம் கூட்டிய மாநாடு. 65 அரசுகள். இதைப் பெரிய கருணை மாநாடு என்று நினைத்துவிடாதீர்கள். சுத்தமான பேரம். கரையோர நாடுகள் சொன்னது: "எங்கள் கரை திறந்திருக்க வேண்டுமானால் உங்கள் கதவு திறக்க வேண்டும். எத்தனை பேர் என்று எண்ணில் சொல்லுங்கள்."

சொன்னார்கள். அதற்கு முன்னாடியே டோக்கியோ உச்சிமாநாட்டின்போது ஜனாதிபதி கார்ட்டர், மாசம் 7,000 என்றிருந்த அமெரிக்க எண்ணிக்கையை 14,000 ஆக்கியிருந்தார். ஜெனிவாவில் எல்லா நாடும் சேர்ந்து 1,25,000 இடங்களை 2,60,000 ஆக உயர்த்தின. ஜப்பான் பணத்தை அள்ளிக் கொடுத்தது. ஆனால் ஆளுக்கு இடம் என்றபோது ஆரம்ப எண்ணிக்கை 500. மொய் கனமாக வைப்பார்கள், வீட்டுக்கு மட்டும் கூப்பிட மாட்டார்கள் என்கிற ரகம். இந்தோனேஷியாவும் பிலிப்பைன்ஸும், போகிறவர்கள் தங்கிப் போக இடைமுகாம்கள் அமைக்க ஒப்புக்கொண்டன. வியட்நாம் தன் பங்குக்கு, படகுகள் கிளம்புவதைத் தடுக்கிறேன், முறைப்படி மனு போட்டு விமானத்தில் போக வழி செய்கிறேன் என்றது. தப்பி ஓடுகிறவனைத் தடு என்று உலகமே ஓர் அரசைக் கேட்டது நியாயமா என்று அப்போதே பலர் கேட்டார்கள். நியாயமான கேள்விதான்.

ஆனால் தீவில் என்ன நடந்தது? ஒலிபெருக்கி வாசிக்கிற பட்டியல் நீள ஆரம்பித்தது. அந்தப் பகுதி முழுவதும் மாசம் 9,000 பேர் போய்க்கொண்டிருந்தது, வருஷத்தின் பிற்பாதியில் 25,000 ஆனது.

அண்ணன் குடும்பத்து மூன்று பேரும் ஆஸ்திரேலியக் கணக்கில் வந்தார்கள். எக்ஸ்ரேயில் தங்கையின் நுரையீரலில் ஒரு புள்ளி. காச நோய். குணமாகும் வரை அனுப்ப மாட்டார்கள். "மூணு பேருமா இருந்துடலாம்மா" என்றார் அண்ணன். அம்மா கேட்கவில்லை. "கதவு இன்னிக்குத் திறந்திருக்கு, நாளைக்குத் தெரியாது, நீ போ" என்று படகுத்துறைக்கு இழுத்துக்கொண்டு போய் ஏற்றிவிட்டார். மெல்பர்னில் மாரிபிர்னாங் குடியேறிகள் விடுதியில் தனியாக இறங்கினார் அண்ணன். பதினாலு மாசம் கழித்து, தங்கையும் அம்மாவும் வந்தார்கள். அப்பா முகாமிலிருந்து விடுதலையாகி, அந்த 'மனு போட்டு விமானம்' திட்டத்தில் 1985-ல் வந்தார். கடலில் கால் நனையாமல்!

"அந்த ஜெனிவா நம்பர் இல்லேன்னா நான் இல்லை தம்பி" என்றார். "அன்பு, கருணைன்னு பேசினவங்க நிறையப் பேர். எங்களைக் கரையிலே வெச்சிருந்தது நம்பர். எத்தனை பேர்னு எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுத்தாங்களே, அதுதான்."

* * *

"அப்ப தம்பியைத் திருப்பி அனுப்பினது?" என்றேன்.

சூப் ஆறிப்போயிருந்தது.

சித்தப்பா மகன். அவர்கள் பாஷையிலும் நம் பாஷையிலும் அது 'தம்பி'. ஆஸ்திரேலிய ஃபாரத்தில் மட்டும் 'கஸின்'. கஸினுக்கு ஃபாரத்தில் இடம் கிடையாது. 1988 கடைசியில் அந்தத் தம்பி ஒரு கடிதம் போட்டான். கடிதங்களைப் பிரித்துப் படிப்பார்கள் என்பதால் பூடகமாக: "வீட்டில் கல்யாணம் நிச்சயமாகியிருக்கிறது. ஜனவரியில் வைக்கலாமா?"

கல்யாணம் என்றால் படகு. அண்ணனுக்குப் புரிந்தது. ஜனவரியில் வாடைக்காற்று, தென்சீனக் கடல் பேயாட்டம் ஆடும். பதில் எழுதினார்: "அவசரம் வேண்டாம். குளிர் போகட்டும். மார்ச்சில் வை."

சொன்னபடி கேட்டான் தம்பி. 1989 மார்ச் மூன்றாம் வாரம் கிளம்பினான். 26-ம் தேதி மலேசியக் கரை ஏறினான்.

இதற்குள் பேரம் மாறிவிட்டிருந்தது. பத்து வருஷமாகப் படகுகள் வந்துகொண்டே இருந்தன. எடுத்துக்கொள்ளும் நாடுகளும் சலித்துப்போயின. அந்த வருஷம் ஜூனில் ஜெனிவாவில் இரண்டாவது ஒப்பந்தம். ஒரு கெடு தேதி. அதற்கு முன்னால் வந்தவர்கள் எல்லோருக்கும் வேறு நாட்டில் இடம். பின்னால் வந்தவர்கள், தனக்கு அங்கே கொடுமை நேரும் என்று ஒவ்வொருவராக விசாரணையில் நிரூபிக்க வேண்டும். முடியாதவர்கள் திரும்ப வேண்டும்.

மலேசியாவுக்குக் கெடு தேதி மார்ச் 14.

பன்னிரண்டு நாள்! தம்பி விசாரணையில் தேறவில்லை. மேல்முறையீட்டிலும் தேறவில்லை. 1991-ல் பிடோங் முகாமை மூடினார்கள். கோலாலம்பூர் சுங்கை பீசி முகாமுக்கு மாற்றினார்கள். 1996 ஜூனில் அதையும் மூடினார்கள். இருபத்தோரு வயசில் முகாமுக்குள் போனவன் இருபத்தெட்டில் அதே நாட்டுக்குத் திரும்பினான். இப்படித் திரும்பியவர்கள் எல்லா முகாம்களிலுமாக ஒரு லட்சத்துக்கு மேல்.

"நான் 'ஜனவரியிலே வை'ன்னு எழுதியிருந்தா, இன்னிக்கு அவன் இந்த டேபிள்ல உக்காந்து சூப் குடிச்சிட்டிருப்பான்" என்றார்.

அந்தச் சிவப்பு வட்டத்துக்குத்தான் நான் கேக் வெட்ட வைத்திருக்கிறேன். மன்னிப்புக் கேட்டேன். "விடு தம்பி, கேக் நல்லாத்தான் இருந்தது" என்றார்.

பேச்சை மாற்றவோ என்னவோ, "உங்க ஊர்ல?" என்று கேட்டார். 1983-க்குப் பிறகு ராமேஸ்வரத்தில் வந்திறங்கிய இலங்கைத் தமிழர்களைப் பற்றியும் மண்டபம் முகாமைப் பற்றியும் சொன்னேன். இந்தியாவும் அந்த 1951 ஒப்பந்தத்தில் கையெழுத்திடவில்லை என்றேன். "அவங்களுக்காக ஜெனிவாவில நம்பர் பேசினாங்களா?" என்றார். "இல்லண்ணே. இறக்கிக்கிட்டோம். ஆனா அடுத்து எங்கேன்னு யாரும் கணக்குப் போடல" என்றேன். வெகுநேரம் ஒன்றும் பேசவில்லை.

* * *

1997-ல் நான் சென்னை திரும்பினேன். வருஷத்துக்கு இரண்டு போன் என்று தொடர்பு விடவில்லை.

நாங்கள் இரண்டு பேரும் ரிடையராகிற வயசுக்கு வந்த பிறகு ஒரு நாள், வியட்நாமிலிருந்து கூப்பிட்டார். கான் தோவில் தம்பி வீட்டில் இருக்கிறாராம். தம்பி மோட்டார் சைக்கிள் ரிப்பேர் கடை வைத்திருக்கிறானாம். இரண்டு பிள்ளைகள். அண்ணன் அத்தனை வருஷம் மனசில் வைத்திருந்ததை அவனிடம் சொல்லி, கையைப் பிடித்து மன்னிப்புக் கேட்டிருக்கிறார்.

"என்ன சொன்னார்ணே?"

"சிரிச்சான் தம்பி. அந்த ஜனவரியிலே அவங்க ஆத்திலேர்ந்து வேற ஒரு படகு கிளம்பிச்சாம். அவன் சிநேகிதங்க மூணு பேர் அதுல. இன்னி வரைக்கும் சேதி இல்லை. 'நீங்க எழுதின கடுதாசியாலதான் நான் அதுல ஏறல. பன்னிரண்டு நாள் லேட்டானாலும் கரையேறினேனே'ங்கறான்."

போனில் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு, "ஏழு வருஷம் போச்சே, அதைப் பத்தி அவன் ஒண்ணும் சொல்லல" என்றார்.

போன மாசம் தாம்பரத்தில் ஒரு கல்யாணம். பந்தி வாசலில் அதே கூட்டம், அதே பாதிக் கதவு, குறுக்கே அதே கை. "இந்தப் பந்திக்கு இவ்வளவுதான் சார்." என் மனைவி நான் சண்டைக்குக் கிளம்புவேன் என்று சட்டையைப் பிடித்துக்கொண்டாள். நான் அவரிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டேன்:

"அடுத்த பந்தி நிச்சயமா உண்டா சார்?"

என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். "உண்டு சார். முதல் இலை உங்களுக்குத்தான். உக்காருங்க" என்று ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டார்.

உட்கார்ந்தேன்.